குழந்தையை முதலில் தாயிடம் கொடுங்கள், படம் அப்புறம் எடுக்கலாம்

தமிழ்நாட்டில் தனியார் மகப்பேறு மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

போன வாரம் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், இது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்குப் பெயர் பதிய ஏழு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். ஐந்தாம் பக்கத்தில், 14ஆவது பத்தியில் இப்படி இருந்தது: பிறந்த குழந்தையின் முதல் படத்தை மருத்துவமனை நியமித்த ஸ்டுடியோ மட்டுமே எடுக்கும், முதல் 24 மணி நேரம் உறவினர்கள் போனில் படம் எடுக்கக் கூடாது, எடுத்த படங்களை மருத்துவமனை தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் 'கணவர் அல்லது பாதுகாவலர்' என்று அச்சிட்டிருந்தது. பெற்றெடுக்கப் போகிறவள் கையெழுத்துப் போட அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

தங்கை வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்றால், மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவர் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். வேறு ஊர், வேறு மருத்துவமனை, ஆனால் ஏறக்குறைய இதே வரிகள். அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குச் சிசேரியன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, ஆனால் நினைவு முழுக்க இருந்தது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரை மாதிரிக் கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் அழுகுரல் கேட்டது. "பொம்பளப் பிள்ளைம்மா" என்று நர்ஸ் சொன்னார். ஒரு கணம் தூக்கிக் காட்டினார். நான் பார்த்தது ஒரு காதும் ஈரமான தலைமுடியும்தான். அவ்வளவுதான், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தைக்கு ஏதாவது பிரச்சினையா என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கா. போட்டோ எடுத்துட்டுக் கொண்டு வந்துடுவாங்க" என்றார்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் என் மகள் பிறந்த நேரம் காலை 10.42. ஸ்டுடியோ கொடுத்த பென்டிரைவில் முதல் படம் எடுத்த நேரம் 11.09, கடைசிப் படம் 11.38. மொத்தம் 46 படங்கள். அவளை என் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தபோது சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி 12 தாண்டி ஐந்து நிமிடம். இந்த நேரங்களை நான் யூகித்துச் சொல்லவில்லை. முதல் மூன்றும் உங்களைப் போன்ற ஒரு மருத்துவமனையின் தாளிலும், அது வைத்திருந்த ஸ்டுடியோவின் கோப்பிலும் இருக்கின்றன. கடைசி நேரத்தைக் காட்டியது, அசைய முடியாமல் படுத்துக்கொண்டு வேறு எதையும் பார்க்காமல் நான் பார்த்துக்கொண்டே இருந்த கடிகாரம்.

அவள் வருவதற்கு முன்னால் அவளுடைய படம் வந்துவிட்டது. வார்டுக்கு மாற்றியதும் என் கணவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். வெள்ளைத் துணி விரித்த மூங்கில் கூடை. தலையில் ரோஸ் நிற எலாஸ்டிக் பட்டை, அதில் பெரிய துணிப்பூ. இடுப்பில் மட்டும் ஒரு துணி, மற்றபடி உடம்பில் ஒன்றுமில்லை. பக்கத்தில் சின்னப் பலகையில் மருத்துவமனையின் பெயர், தேதி, எடை 2.6 கிலோ. கண்ணை இறுக்க மூடி, இரண்டு கைகளையும் அகல விரித்து, விரல்கள் தனித்தனியாக நிற்க ஒரு படம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் "கையை விரிச்சு வான்னு கூப்பிடுறா பாரு" என்று உருகினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழே விழுகிற மாதிரி உணர்ந்தாலோ திடுக்கிட்டாலோ பிறந்த குழந்தை கையை அப்படித்தான் விரிக்கும் என்று பல வாரம் கழித்துக் குழந்தைகள் டாக்டர் சொன்னார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன்.

அவளை என்னிடம் கொண்டுவந்தபோது நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை சிவப்பாக ஒரு கோடு இருந்தது. எலாஸ்டிக் பட்டை அழுத்திய தடம். என் மகளை நான் முதன்முதலில் தொட்டது அந்தக் கோட்டைத்தான். விரலால் தடவிப் பார்த்தேன். பாதங்கள் சில்லென்று இருந்தன. நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு "கொஞ்சம் ஜில்லுனு இருக்கா, வார்மர்ல வைக்கலாம்" என்று திரும்பவும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுபடி வந்தபோது அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் பாலாடையில் டப்பா பால் புகட்டினார்கள்.

எனக்குப் பால் நன்றாகச் சுரக்க நான்கு நாள் ஆனது. அதற்குப் படம் எடுத்ததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சிசேரியன் ஆன பலருக்கும் தாமதமாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததும் முதல் ஒரு மணி நேரம், சில குழந்தைகள் இன்னும் கொஞ்ச நேரம், நல்ல விழிப்போடு இருக்கும். தாயின் நெஞ்சில் போட்டால் தானாகவே மார்பைத் தேடும். அப்புறம் நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான். பால் குடிக்கிற பிள்ளையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் அதுதான். என் மகள் கண் விழித்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது லென்ஸும் வட்ட விளக்கும். தூங்கின பிறகுதான் எனக்குக் கிடைத்தாள்.

இது ஏதோ உணர்ச்சிவசப்பட்ட ஒரு தாயின் ஆதங்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிறந்த உடனே குழந்தையைத் தாயின் வெற்று உடம்போடு சேர்த்து வைக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய் நினைவோடு இருந்தால் சிசேரியனுக்கும் அதுவேதான். குளிப்பாட்டுவதைக்கூட 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் 'மா' திட்டத்தைத் தொடங்கியதே தாய்ப்பாலை வலியுறுத்தத்தான். உங்கள் வரவேற்பறையிலேயே அதன் சுவரொட்டி இருக்கும். எங்கள் மருத்துவமனையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அறுவை சிகிச்சை ஆனவள் எழுந்து போய்க் குழந்தையை வாங்கி வர முடியாது. நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

படம் எடுத்த தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆல்பம் கொடுக்க வீட்டுக்கு வந்தபோது காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசினேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக்கொண்டிருந்தவர். "அக்கா, உங்க பாப்பாதான் நான் முதல் முதலா எடுத்த பிறந்த குழந்தை. தலை நிக்கலன்னதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு" என்றார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த குழந்தைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். கையைக் கழுவச் சொல்லவில்லை, முகக்கவசம் கொடுக்கவில்லை, எந்தக் கையை எங்கே கொடுத்துத் தூக்க வேண்டும் என்று காட்டவில்லை. இணையத்தில் பார்த்த படங்களை வைத்துத்தான் போஸ் கொடுத்திருக்கிறார்.

அந்தப் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பது அவருக்குத் தெரியாது. குழந்தை தன் இரண்டு கைகளிலும் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறதே, அது ஒரே படம் இல்லை. ஒரு முறை தலையை ஒருவர் பிடித்திருப்பார், இன்னொரு முறை கைகளைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் சேர்த்து, பிடித்த கையை அழித்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் அறையைக் கதகதப்பாக வைத்து, குழந்தை பால் குடித்துத் தூங்கிய பிறகு, ஒருவர் எப்போதும் கையை நீட்டியபடி பக்கத்திலேயே இருக்க, பொறுமையாக மணிக்கணக்கில் எடுப்பார்கள். அதையும் பொதுவாக முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் பார்த்துச் செய்வார்கள், பிறந்த அரை மணி நேரத்தில் இல்லை. இதெல்லாம் தெரியாத ஒரு பையனைக் குளிரூட்டிய அறைக்குள் அனுப்பி, பிறந்து 27 நிமிடமே ஆன பிள்ளையை அவர் கையில் கொடுத்தது யார்? அந்தப் பொறுப்பு அவருடையதா, உங்களுடையதா?

கிருமித் தொற்று வரும் என்பதால்தான் உறவினர் போனுக்குத் தடை என்று சொல்வீர்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் யாரும் போனோடு போகக் கூடாது, சரி. வார்டில் பத்துப் பேர் சுற்றி நின்று ஃபிளாஷ் அடித்துக் குழந்தையை எழுப்புவதும் தப்புதான். ஃபிளாஷ் பட்டால் கண் போய்விடும் என்று எங்கள் பெரியவர்கள் பயப்படுவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், நானும் அதைக் குற்றச்சாட்டாக வைக்கவில்லை. ஆனால் என் கணவரின் போனில் இருக்கிற கிருமி முந்தின நாள் கல்யாண மண்டபத்திலிருந்து வந்த கேமராப் பையில் இருக்காதா? துணிப்பூவும் கூடையும் அன்றைக்கு எத்தனை குழந்தைகளுக்குக் கை மாறின என்று யாராவது கணக்கு வைத்திருந்தார்களா? விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் அதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்வேன். காசு கட்டியவருக்கு மட்டும் கதவு திறந்தால் அது வியாபாரம்.

அந்த 46 படத்துக்கு எங்களிடம் வாங்கியது 6,500 ரூபாய். வேண்டாம் என்று சொல்லலாமா என்று என் கணவர் கேட்டிருக்கிறார். பேக்கேஜோடு சேர்ந்தது, தனியாகக் கழிக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிள்ளையின் முகத்தைக் காட்டக் காசு கேட்கிறார்கள், ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று எங்கள் அம்மா காலத்திலிருந்தே ஒரு குமுறல் உண்டு. அதைக் கேவலம் என்றுதான் ஊரே பேசும். ரசீது போட்டுக் கொடுத்தால் மட்டும் அது வேறாகிவிடுமா? இதே நேரத்தில் என் நாத்தனாருக்குத் தாலுகா அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். அவள் அம்மாவைக் கூடவே இருக்க விட்டிருக்கிறார்கள். தொப்புள்கொடியை அறுத்ததும் பிள்ளையைத் துடைத்து நெஞ்சில் போட்டு மேலே துணியைப் போர்த்திவிட்டார்களாம். அவள் மகனுக்கு அன்றைக்குப் படமே எடுக்கவில்லை. அவள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இனி விளம்பரம். என் மகள் பிறந்த மறுநாளே அந்தக் கூடைப் படம் மருத்துவமனையின் பேஸ்புக் பக்கத்தில் வந்துவிட்டது. என் பெயர், குழந்தையின் எடை, பிறந்த நேரம், பிரசவம் பார்த்த டாக்டரின் பெயர், எல்லாம் அதில் இருந்தன. எனக்கு அது தெரியவந்தது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வாழ்த்துச் சொன்னபோது. எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் சடங்கு முடியும்வரை பிள்ளையை வெளி ஆளுக்குக் காட்ட மாட்டார்கள். காட்டும்போதும் கன்னத்தில் மை வைத்து, கையில் வசம்பு கட்டித்தான் காட்டுவார்கள். என் மாமியார் அன்றைக்கு வாய்விட்டு அழுதார். கண்ணேறில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், எனக்கும் பெரிதாக இல்லை. ஆனால் யார் பிள்ளையை எப்போது யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை அந்த வீட்டுக்கு உண்டு என்பதற்கு எந்த நம்பிக்கையும் தேவையில்லை. படத்தை எடுக்கச் சொல்லி மூன்று முறை போன் செய்தோம். பதினோரு நாள் கழித்து எடுத்தார்கள்.

நோயாளியை அடையாளம் காட்டும் படத்தை அவர் அனுமதியில்லாமல் மருத்துவர் வெளியிடக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஏழு பக்கப் படிவத்தின் நடுவில், வலியோடு வந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கணவரிடம் வாங்குகிற கையெழுத்தை ஒப்புதல் என்று நீங்கள் மனசாரச் சொல்வீர்களா? இன்னொன்றும் கேட்கிறேன். குழந்தைப் பால்மாவு டப்பாவில் குழந்தை படம் போடக் கூடாது என்று 1992லிருந்து இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கொழுகொழு முகத்தைக் காட்டித் தாயின் மனதை மாற்றக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. பால்மாவுக் கம்பெனிக்கு மறுக்கப்பட்டதை ஒரு மருத்துவமனை தன் பேக்கேஜை விற்கச் செய்யலாமா?

படமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படத்தின் அருமை எனக்குத் தெரியும். என்னுடைய முதல் படம் நான் குப்புற விழுந்த பிறகு, நாலாம் மாதத்தில் ஸ்டுடியோ மேசையில் எடுத்தது. அதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் அம்மாவுக்கும் சரியாக நினைவில்லை. பிறந்த அன்றைய முகம் ஒரு வாரத்தில் மாறிவிடும். அதைப் பிடித்து வைக்க ஆசைப்படாத வீடு இல்லை. செல்போன் வழியே உடனுக்குடன் பலருக்கு அனுப்பப்பட்ட முதல் படங்களில் ஒன்று, பிறந்த குழந்தையின் படம்தான். 1997 ஜூன் 11 அன்று கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரில், மனைவியின் பிரசவத்துக்காகக் காத்திருந்த பிலிப் கான் என்பவர் தன் டிஜிட்டல் கேமராவையும் செல்போனையும் லேப்டாப்பையும் மருத்துவமனையிலேயே இணைத்து, பிறந்த மகளைப் படம் எடுத்து உற்றார் நண்பர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் அனுப்பினார். எடுத்தவர் அப்பா, யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ததும் அவரே. என் கணவர் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

அவர் எடுத்த முதல் படம் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி, நர்ஸ் இல்லாத நேரத்தில் எடுத்தது. கொஞ்சம் கலங்கல். என் கையில் டிரிப் ஊசி, ஒட்டிய பிளாஸ்திரி, பழைய நைட்டி. அவள் என் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறாள். நகம் காகிதம் மாதிரி மெல்லிசாக, நுனியில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. நெற்றிக் கோடு அதில் மங்கிப் போயிருக்கிறது. அந்த 46 படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை. என் கை விரல்கூட இல்லை.

நான் உங்களிடம் கேட்பது இவைதான். குழந்தைக்கோ தாய்க்கோ அவசர சிகிச்சை தேவைப்பட்டால் ஒழிய, பிறந்த முதல் ஒரு மணி நேரம் குழந்தை தாயின் நெஞ்சில் இருக்கட்டும். சிசேரியன் என்றாலும் நினைவு இருந்தால் அங்கேயே வையுங்கள். தாய் முகத்தைப் பார்த்து, பால் கொடுக்கத் தொடங்கும்வரை எந்தக் கேமராவும் குழந்தைக்குப் பக்கத்தில் வரக் கூடாது, உங்கள் ஊழியர்களின் போன் உள்பட. அதற்குப் பிறகு வார்டில் அப்பாவோ பாட்டியோ ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள், காசில்லாமல்.

ஸ்டுடியோவோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்வதென்றால் அதைப் பேக்கேஜிலிருந்து பிரித்துவிடுங்கள். வேண்டும் என்பவர்கள் தனியாகக் கேட்டு வாங்கட்டும். எடுக்க வருபவர் யாராக இருந்தாலும், குழந்தையைக் கையாளப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தை பெற்றோர் கையிலோ படுக்கையிலோ இருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டும். பட்டை, கூடை, பலகை எதுவும் வேண்டாம்.

விளம்பரத்துக்கு ஒப்புதல் கேட்பதாக இருந்தால் தனித் தாளில், தமிழில், பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிற அன்று, தாயிடமே கேளுங்கள். மறுத்தால் கவனிப்பில் ஒரு குறையும் வராது என்று அதே தாளில் எழுதிக் கொடுங்கள். முன்னால் சம்மதித்தவர் பிறகு வேண்டாம் என்றாலும் 24 மணி நேரத்தில் படத்தை எடுத்துவிடுங்கள். இதுவரை இப்படிப் போட்ட குழந்தைப் படங்களை உங்கள் பக்கங்களிலிருந்து இந்த மாதமே நீக்குங்கள்.

என் தங்கைக்கு நாள் குறித்திருப்பது அடுத்த மாதம் 18ஆம் தேதி. அந்தப் படிவத்தில் 14ஆவது பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில் அவளுக்கு எழுத்தில் வர வேண்டும், வலி எடுப்பதற்கு முன்னால் வர வேண்டும்.

இப்படிக்கு,
மூன்று வயது மகளின் தாய்